சிரித்துக் கெடுத்த போட்டோ

மாதக்கா போய்விட்டார்.

நேற்று மாலை நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறார். தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

மொரப்பூரில் மாவு மில் வைத்திருந்தாரே... புருவம் வரைக்கும் மாவு படிந்து, எப்போதும் யாரையாவது கிண்டல் பண்ணிக்கொண்டே இருப்பாரே, அவர்தான்.

காலையில் அவர் மகன் குமார் போன் செய்தான். ஓசூரில் கம்பெனி வேலை. ராத்திரியே வந்துவிட்டானாம்.

"டீச்சர், பேனருக்கு அம்மா போட்டோ ஒண்ணு வேணுமுங்க. எங்ககிட்ட இருக்கறதெல்லாம் பழசு. உங்க போன்ல நெறைய இருக்குமில்ல?"

இருக்கிறது. நிறைய. ஆனால் அநேகமாக எல்லாவற்றிலும் மாதக்கா முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் அரிசிப் பை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கதையைச் சொல்ல வேண்டும்...

கொரோனாவுக்குப் பிறகு நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, வேலை போன குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுக்க ஆரம்பித்தோம். பிள்ளைகளுக்குக் கடலை உருண்டை. பெங்களூரில் இருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர்தான் சாமான்களை அனுப்பினார். கொடுக்கும்போது எடுத்த போட்டோ மட்டும் அவருக்கு வந்தாக வேண்டும்.

அப்படிப் போன ஒரு போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளுக்கே வந்துவிட்டது. பை வாங்கிய பெண் ஏழாம் வகுப்பு. மறுநாள் வகுப்பில் அவள் பெயரே "அரிசிப் பை".

அப்புறம் அவள் வரவில்லை.

நாங்கள் சாமான் கட்டுவது மாதக்கா மில்லில்தான். அந்தப் பெண்ணின் அம்மா அங்கே வந்து பையைத் திருப்பி வைத்தார். "கஞ்சி குடிச்சிக்கறோமுங்க டீச்சர். புள்ள பள்ளிக்கொடம் போவ மாட்டேங்குது."

மாதக்கா மிஷினை நிறுத்தினார்.

"ஏம்மா, வூட்ல கேவுரு இருக்குதா?"

"கொஞ்சம் இருக்குதுங்கக்கா."

"அத டப்பாவுல போட்டுக்கிட்டு அரைக்க வா. இங்க எல்லாரும் டப்பாவும் கூடையுமாத்தான் வர்றாங்க. போறப்ப உள்ள என்ன இருக்குதுன்னு எவ தொறந்து பாக்கப் போறா?"

அன்றிலிருந்து அப்படித்தான். கேழ்வரகோ மிளகாயோ, எதையாவது கொஞ்சம் அரைக்கக் கொண்டுவருவார்கள். திரும்பும்போது கூடை கனமாக இருக்கும். அவ்வளவுதான்.

அந்தப் பெண் மறு வாரமே வகுப்புக்கு வந்துவிட்டாள்.

"போட்டோவுக்கு என்னக்கா பண்றது? பெங்களூர்க்காரர் கேப்பாரே..." என்றேன்.

"என்னைப் புடிங்க டீச்சர். எனக்கென்ன வெக்கம்?"

அப்புறம் மாதாமாதம் ஒரு வேஷம். ஒரு தடவை பக்கத்துக் கடைக்காரர் கண்ணாடி, ஒரு தடவை யாரோ கொடுத்த சால்வை. "இன்னிக்கு எனக்கு எத்தன புள்ளைங்க டீச்சர்? மூஞ்சிய இன்னுங் கொஞ்சம் வாட்டமா வெக்கட்டா?"

கடைசியில் பெங்களூர்க்காரர் கண்டுபிடித்துவிட்டார். "ஏங்க, மாசாமாசம் ஒரே அம்மாவுக்கேதான் குடுக்கறீங்களா?" அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேராக மில் வாசலில் வந்து இறங்கினார். சாமான் நின்றுபோனால் இத்தனை வீடுகளுக்கு என்ன பதில் சொல்வது?

மாதக்கா அசரவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"ஆமாங்க சார், நான்தான் வாங்குனேன். உக்காருங்க. உங்க அரிசி யாரு கூடையில போவுதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அன்று மிளகாய் அரைக்கும் நாள் வேறு! மனிதர் தும்மித் தும்மி உட்கார்ந்திருந்தார். ஆட்கள் வந்தார்கள், அரைத்தார்கள், தூக்கிக்கொண்டு போனார்கள். மத்தியானம் எழுந்தபோது அவர் கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஒண்ணும் தெரியலைங்கக்கா."

"அதுக்குத்தான் சார் இத்தன கூத்து."

அதற்குப் பிறகு அவர் போட்டோ கேட்டதில்லை. சாமான் இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது.

இதெல்லாம் குமாருக்குத் தெரியாது. நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டான். "என்னங்க டீச்சர்... அம்மா கையேந்திக்கிட்டு நிக்குது? இதையா பேனர்ல போடறது?" குரல் உடைந்திருந்தது.

சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். மிளகாய்த் தும்மல் கட்டம் வந்ததும் சிரித்தான். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது.

அப்புறம் இன்னொரு போட்டோ அனுப்பினேன். யாருக்கும் அனுப்பாமல் வைத்திருந்தது. முந்தானை நழுவி, பையை மார்போடு கட்டிக்கொண்டு, மாதக்கா வாய்விட்டுச் சிரிக்கிறார். "இத அனுப்பிடாதீங்க டீச்சர்... சிரிச்சுக் கெடுத்துட்டேன்" என்றாரே, அது.

பேனர் கடையில் பையை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வைக்கவா என்று கேட்டார்களாம். "பையும் இருக்கட்டும்னுட்டேனுங்க டீச்சர்" என்றான் குமார். இந்தப் பதிவோடு இருப்பதும் அதே படம்தான்.

இதையெல்லாம் வெளியில் எழுதலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். எழுதினாலும் யார் யார் என்று ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. மாதக்கா செய்துவைத்த ஏற்பாடு அப்படி.

மத்தியானம் வீட்டு முன்னால் நிற்க இடமில்லை. எத்தனையோ பெண்கள். அழுதுகொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு... அவர்களுக்கு நடுவில் வளர்ந்துவிட்ட ஒரு பெண்ணும் நின்றாள்.

பக்கத்தில் இருந்த மாதக்காவின் உறவுக்காரர் ஒருவர் மெதுவாகக் கேட்டார். "இதுல ஆருக்கெல்லாம் நீங்க அரிசி குடுத்தீங்க?"

"எல்லாரும் மாவு அரைக்க வந்தவங்கதானுங்க" என்றேன்.

மிஷினை நிறுத்தியாச்சு மாதக்கா. கொஞ்ச நேரம் உக்காருங்க.