மஞ்சள் தண்ணீர் ஓடிய வாய்க்கால்

தொட்டிக்குள் கயிற்றில் தொங்கும் இரும்புத் தகட்டை மேலே இழுத்து, கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்துப் பார்க்கிறார் ஷஃபியுல்லா. விரலில் செம்மண் நிறம் ஒட்டவில்லை. "சோக்கா கீறடா ராஜா" என்று தகட்டிடமே சொல்லிவிட்டு மறுபடி தண்ணீரில் இறக்குகிறார். கோவளத்து ஐஸ் கம்பெனியில் அவருக்குப் பொழுது விடிவது இப்படித்தான். டீயெல்லாம் அப்புறம்தான்.

ஐஸ் உறைய அம்மோனியா வேண்டும். அம்மோனியா ஓடும் குழாய்களின் சூடு தணிய, அவற்றின் மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உப்புக் காற்றில் இரும்பும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குழாயைத் துரு தின்னாமல் காப்பதுதான் பாயின் உத்தியோகம். தொட்டித் தகட்டில் துரு இல்லையென்றால் குழாயிலும் இல்லை என்று கணக்கு. அந்தப் புத்தி வெளியிலும் அவரை விடாது. கல்யாண வீட்டுக்குப் போனால் பிரியாணிக்கு முன்னால் பந்தல் கம்பத்தை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். மகள் ஹாதியா தலையில் அடித்துக்கொள்வாள். "அத்தா, மாப்ள வூட்டுக்காரங்க பாத்துகினு கீறாங்க!"

இப்போது அவர் தண்ணீரில் கலப்பது மரப்பட்டைச் சாற்றிலிருந்து எடுத்த பொடி. அதன் துவர்ப்பு, இரும்பின் மேல் கருநீலத் தோலாகப் படிந்து துருவைத் தடுக்கும். வாய்க்காலில் வடிந்தாலும், முன்பு கலந்த உப்பைப் போல விஷமில்லை. தண்ணீர் மட்டும் பால் ஊற்றாத டீ மாதிரி ஆகிவிடும். "இன்னா பாய், சாக்கடையில ஐஸு போடுறியா?" என்று முகம் சுளிப்பார் படகுக்கார ஜான்சன். "கொழாய குளிப்பாட்ற தண்ணிப்பா இது. ஐஸுக்கு வேற தண்ணி" என்று ஆரம்பித்தால் பாயை நிறுத்த முடியாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கும் பட்டைப் பொடியின் பெருமை கிடைக்கும். பொடிக் கம்பெனியில் கமிஷன் வாங்குகிறார் என்றுகூட ஊரில் பேச்சு.

கமிஷனெல்லாம் ஒன்றுமில்லை. பாவம், அவர் மனசு படுத்தும் பாடு அது. முன்பு இதே வாய்க்காலில் மஞ்சள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது கலந்தது குரோமேட் என்ற உப்பு. துரு கிட்டேயே வராது, அதனால் முதலாளிக்குப் பரம சந்தோஷம், அளவுக்கு மேலேயே போடச் சொல்வார். பார்க்க மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி லட்சணமாக இருக்கும். இறால் முள்ளும் ஐஸும் கிழித்த கைகளோடு வரும் மீன்காரப் பெண்கள், மஞ்சள் நிறமாயிற்றே, புண் ஆறும் என்று நம்பி அதில் கை நனைத்தார்கள். அவர்களில் தனகோடி தினமும் முழங்கை வரை நனைப்பாள்.

உப்பு வந்த டிரம்மில் மண்டையோட்டுப் படம் இருந்தது. பாய் அதைத் தினம் பார்த்தவர். "தொடாதீங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஊர் கூடிவிடும், கம்பெனியை மூடுவார்கள், தன் பிழைப்பும் போகும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டார். பிறகு அதிகாரிகள் வந்து தடுத்து, மஞ்சள் நின்றது. தனகோடியின் விரல் முட்டிகளில் மட்டும் சின்னச் சின்னப் பள்ளங்கள் நின்றுவிட்டன. "முள்ளு குத்துனது" என்று அவள் சாதாரணமாகச் சொல்லும்போதெல்லாம் பாய் தரையைப் பார்ப்பார்.

போன வாரம் ஐஸ் வாங்க வந்தவள் வாய்க்காலை எட்டிப் பார்த்துவிட்டு அலுத்துக்கொண்டாள். "அந்த மஞ்சத் தண்ணி இனிமே வராதா பாய்? கையெல்லாம் ஒரே ரணமா கீது."

அன்றைக்கு அவரால் தாங்க முடியவில்லை. "அது வெஷம் தங்கச்சி. ஒன் கையில கீற பள்ளமெல்லாம் அதாலதான்."

தனகோடி கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பவே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதான் நீ மட்டும் கையொற மாட்டிக்கினு கலக்குனியா?"

ஐஸ் நிரம்பிய கூடையை அவள் தலையில் ஏற்றிவிட வழக்கம்போலக் குனிந்தார் பாய். தனகோடி கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ரோட்டில் போன யாரோ ஒருவரைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.