சீட்டின் பின்பக்கம்

ஊரில் எல்லோருக்கும் அவர் மீட்டர்காரர்தான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவர் காதிலேயே எப்போதாவதுதான் விழும். முப்பத்து நான்கு வருடம் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் ரீடராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து வீடு. தன் குறிப்பேட்டில் நாய் உள்ள வீடுகளைச் சிவப்பு மையிலும், பேச ஆரம்பித்தால் விடாத வீடுகளைப் பச்சை மையிலும் குறித்து வைத்திருந்தார். எழுதிய எண்ணை ஒருநாளாவது அடித்துத் திருத்தினார் என்று அலுவலகத்தில் யாரும் சொல்ல முடியாது.

அந்தக் கறார்தான் அவருக்கும் அக்காவுக்கும் நடுவில் வந்து நின்றது. அம்மா இறந்து கல்லறைக்குக் கல் செய்தபோது பிறந்த தேதி பொறிக்க வேண்டியிருந்தது. அம்மா இருந்தவரை தன் பிறந்த நாள் பதினான்கு என்றுதான் சொல்லிவந்தாள். பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு பன்னிரண்டு என்றது. மீட்டர்காரர் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பன்னிரண்டை வெட்டச் சொல்லிவிட்டார்.

கல்லைப் பார்த்த அக்கா, “அம்மாவ விட உன் ரிஜிஸ்டருக்கு ஜாஸ்தி தெரியுமாடா?” என்றாள்.

“எழுத்துல இருக்கறதுதான் கணக்கு.”

“அப்போ அந்த எழுத்தையே அக்கான்னு கூப்பிட்டுக்கோ.”

அதோடு பேச்சு நின்றது. ஆறு வருடம். அதில் முதல் இரண்டு வருடம் அவருக்கு வேலை இருந்ததால் மாதம் ஒருமுறை அக்கா வீட்டுக் கொல்லைப்புறம் போய் மீட்டர் பார்த்தாக வேண்டும். இருபத்து நான்கு முறை போனார். ஒவ்வொரு முறையும் மீட்டர் பெட்டியின் மூடி ஈரத்துணியால் துடைத்திருக்கும். ஆள் மட்டும் கண்ணில் படமாட்டாள். ஓய்வுக்குப் பிறகு அதுவும் போயிற்று. அக்கா எட்டரை மணிப் பூசைக்கு வருவாள் என்று இவர் ஆறரைப் பூசைக்கு மாறிக்கொண்டார்.

கோவில் வாசலில் வருடம் முழுவதும் ஒரு மரப்பெட்டி இருக்கும். நோயாளிகளுக்காக வேண்டிக்கொள்கிறவர்கள் ஒரு சீட்டின் முன்பக்கம் பெயரையும் பின்பக்கம் நோயையும் எழுதி அதில் போடுவார்கள். அந்தப் பெயர்களை யாரும் வாசிப்பதில்லை; சீட்டுகள் கட்டாகப் பீடத்தில் வைக்கப்படும், அவ்வளவுதான். நவம்பர் மாதத்துக்கென்று மட்டும், ஒரு வாரம் முன்பே, இன்னொரு பெட்டி வரும். அது இறந்தவர்களுக்கு. அதில் விழும் பெயர்களை ஞாயிறு பூசைகள் எல்லாவற்றிலும் உபதேசியார் உரக்க வாசிப்பார்.

அந்த வருடம் நவம்பர் முதல் ஞாயிறு, ஆறரைப் பூசை. உபதேசியார் அறுபத்து இரண்டு பெயர்களை வாசித்து முடித்து, அறுபத்து மூன்றாவதாக ஒரு பெயரை வாசித்தார். அதே பெயரில் பங்கில் வேறு இரண்டு பேர் இருந்ததால், எழுதியவர் தெளிவாகச் சேர்த்திருந்ததையும் விடாமல் வாசித்தார்: “மீட்டர் ரீடர், ஓய்வு.”

மீட்டர்காரர் நான்காவது வரிசையில் முழந்தாளில் இருந்தார். முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பெண்கள் பக்கத்தில் அவர் மனைவியின் ஜெபமாலை கீழே விழுந்த சத்தம் கேட்டது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் தையல்காரர் பிடித்துக்கொண்டார். “என்னய்யா, மேல இடம் எப்படி? தண்ணி ஒழுங்கா வருதா?”

“போய்யா.”

“இல்ல, அங்கயும் மீட்டர் வச்சிருக்காங்களான்னு கேட்டேன்.”

சிரித்தவர்களை விலக்கிக்கொண்டு மீட்டர்காரர் பங்கு அலுவலகத்துக்கு நடந்தார். உபதேசியார் முகம் வெளிறி நின்றிருந்தார்.

“மன்னிச்சுக்குங்க சார். வாசிக்கற வேகத்துல யார் பேருன்னே மனசுல பதியல. அடுத்த பூசைக்கு முன்னாடி அடிச்சிடறேன்.”

“சீட்ட முதல்ல காட்டுங்க.”

பார்த்தார். எழுத்து கோடு தவறி மேலும் கீழும் ஓடியிருந்தது. ஆனாலும் அந்தக் கொம்பும் சுழியும் யாருடையவை என்று அவருக்குத் தெரியாதா? சிறுவயதில் அவர் கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்த கை அது.

“அடிக்க வேணாம். எட்டரைப் பூசையிலயும் வாசிங்க. எழுதினவங்க காதால கேக்கட்டும்.”

“சார், அது வந்து...”

“உயிரோட இருக்கறவனுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டாங்கல்ல, கிடைச்சுதான்னு தெரிஞ்சுக்க வேணாமா?”

அலுவலகத்தில் உதவிக்கு வரும் ரிட்டயர்டு டீச்சர் மேஜையிலிருந்து தலை நிமிர்ந்தார். “சீட்டத் திருப்பிப் பாத்தீங்களா?”

திருப்பினார். பின்பக்கம்: ‘வலது மூட்டு வலி. படி ஏற முடியவில்லை.’

“செத்தவங்களுக்கு மூட்டு வலி எங்கிருந்து சார் வரும்?” என்ற டீச்சர், உபதேசியாரைப் பார்த்தார். “நோயாளி பெட்டி எங்க இருந்துச்சோ அங்க புதுப் பெட்டிய வச்சிட்டு, அத ஒரு முழம் தள்ளி வச்சிருக்கீங்க. பழக்கத்துல கை போன இடத்துல போட்டிருக்காங்க.”

பிறகு அலமாரியைத் திறந்தார். நோயாளிகள் சீட்டுகளை அவர் மாதவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்து, வருடக் கடைசியில்தான் எரிப்பார். “உங்க பேர்ல இருக்கறத மட்டும் எடுத்துப் பாருங்க. மத்தவங்க வியாதி உங்களுக்கு எதுக்கு.”

ஜனவரி முதல் அக்டோபர் வரை நாற்பத்து மூன்று வாரம். மீட்டர்காரர் நாற்பத்து ஒரு சீட்டு எண்ணினார். எல்லாம் அவர் பெயர், எல்லாம் அதே கை. ‘இரவு இருமல்.’ ‘பல் பிடுங்கியது, வீக்கம்.’ ஜூன் மாதச் சீட்டு ஒன்றில்: ‘செவ்வாய் காலை எட்டரைக்குக் குடலிறக்க ஆபரேஷன்.’ எட்டரை என்பது டாக்டருக்கும், அவருக்கும், இன்னொருத்திக்கும்தான் தெரியும்.

அந்த இன்னொருத்தி வாசலில் நின்றிருந்தாள்.

“நீதானா?” என்றார்.

“நானேதான். வாரம் ஒரு போன். அண்ணி கேப்பாங்க, நான் சொல்லுவேன்,” என்றாள் மனைவி. “உங்ககூட பேசமாட்டேன்னுதான சொன்னாங்க. உங்களுக்காக வேண்டிக்கமாட்டேன்னா சொன்னாங்க?”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க கேட்டீங்களா? ஆறு வருஷத்துல ஒரு தடவை, அக்கா எப்படி இருக்கான்னு?”

சீட்டுகளை வரிசையாக வைத்தார். ஜனவரியில் எழுத்து கோட்டின்மேல் நேராக இருந்தது. ஏப்ரலில் சாய்ந்தது. செப்டம்பரில் ஒரு எழுத்தின்மேல் இன்னொன்று ஏறியிருந்தது. எண்களைப் பார்த்தே எந்த வீட்டில் குழாய் கசிகிறது என்று சொன்ன மனிதருக்கு எழுதியவளின் பார்வை மங்குகிறது என்று படிக்க அதிக நேரம் ஆகவில்லை.

மணி ஏழு ஐம்பது. “அந்தப் பேர அடிச்சிடுங்க,” என்றார் உபதேசியாரிடம். “இப்பவே. என் கண்ணு முன்னாடி. அவ காதுல அது விழவே கூடாது.”

உபதேசியார் இரண்டு கோடு இழுத்து அடித்தார்.

மீட்டர்காரர் மேஜையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து, முன்பக்கம் அக்காவின் முழுப்பெயரை எழுதினார். திருப்பினார். பேனா நின்றது. என்ன நோய், எவ்வளவு நாளாக, எந்தக் கண், எதுவுமே தெரியாது. மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

“நான் சொல்லமாட்டேன்,” என்றாள் அவள். “வீடு தெரியுமில்ல?”

அக்கா பூசைக்குக் கிளம்பி, தன் வீட்டு வாசலில் செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருந்தாள். நான்கடி தூரத்தில் நின்றவரைப் பார்த்து, “யாரு?” என்றாள்.

“நான்தான்.”

கால் செருப்பிலேயே நின்றது. “நான்தான்னா? பேர் இல்லையா?”

“உன் தம்பி.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். “மூட்டு வலி எப்படி இருக்கு?” என்றாள் பிறகு.

“அது கிடக்கு. உனக்கு என்ன வியாதி?”

“நல்லா கேட்டான் பாரு! ஆறு வருஷம் கழிச்சு வந்து வாசல்ல நின்னு கேக்கற கேள்வியா இது?”

“சீட்டு எழுதணும். பின்பக்கம் காலியா இருக்கு.” “எனக்குத் தெரியலக்கா.”

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லத் தொடங்கியபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கண்ணில் அழுத்தமாம். வலது கண் மார்ச் மாதத்திலேயே போய்விட்டது. இடது கண்ணில் நடுவில் மட்டும் தெரிகிறது, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல. மருந்து மூன்று வேளை. சொட்டு சரியாக விழுந்ததா என்று பார்க்க ஆள் இல்லை. மீட்டர்காரர் சீட்டைச் சுவரில் வைத்து ஒன்றுவிடாமல் எழுதினார். பின்பக்கம் நிறைந்தது. ஓரங்களிலும் எழுதினார். அவள் இன்னும் மே மாதத்தைத் தாண்டவில்லை.

கோவில் மணி அடித்தது.

“மீதிய போற வழியில சொல்லு,” என்று கையை நீட்டினார். அக்காவின் கை முதலில் காற்றில் போய்வந்தது. அவர் தன் கையை அவளுடைய இடது கண்ணுக்கு நேராக நகர்த்தி வைத்தார்.