அம்மாவின் படங்கும் மஞ்சள் மழைக்கோட்டும்

சபையில் சாட்சி சொல்ல மைக்கைக் கையில் கொடுத்தால் ஜெனிட்டா மதியச் சாப்பாடு வரைக்கும் விடமாட்டாள் என்று பாஸ்டருக்குப் பயம். "எழுதிக் குடும்மா, குரூப்புல போட்டுருவோம்" என்றார். சரி, எழுதுகிறேன். ஆண்டவர் எனக்குச் செய்ததை அவருடைய பிள்ளைகள் நீங்கள் அறிய வேண்டும். நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். தப்பில்லை.

போன வருஷம் மே மாதம். ஓப்பநாயக்கவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆறு நாளாக மழை விடவில்லை. என் மனசும் அதே மாதிரி. படித்து முடித்து இரண்டு வருஷம், வேலை இல்லை. "படிச்ச புள்ள என்ன செய்யுது?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் புளித்துவிட்டது. இனி அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போக வேண்டியதுதான் என்று தலையணையை நனைத்திருக்கிறேன். பகலில் வாய் பேசுகிறவள்தான். அழுவது வெளியே தெரியாது.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் ஒரு கடிதம் வந்தது. தோட்டப் பாடசாலையில் ஆசிரியர் வேலை. நேர்முகப் பரீட்சை இரத்தினபுரியில், வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள். அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும், வராதவருக்கு மறு தவணை இல்லை. வியாழக்கிழமை என்றால் மறுநாள். கடிதம் பத்து நாளாகத் தோட்டத்து ஒபீசில் தூங்கியிருக்கிறது. எங்களுக்கு வரும் கடிதமெல்லாம் முதலில் ஒபீசுக்குத்தான் போகும். யாருக்காவது ஞாபகம் வந்தால் நாங்கள் இருக்கிற லயத்து வீடுகளுக்கு வரும்.

காலையில் குளித்துக் கிளம்பி நிற்கிறேன், பஸ் இல்லை.

"பெரிய மழைன்னா மேல ஏற மாட்டேங்குறான். கீழயே திருப்பிக்கிட்டுப் போயிட்டானாம்" என்றார் அப்பா.

"அண்ணன் பைக் இருக்குல்ல. நான் ஓட்டிக்கிட்டுப் போறேன்."

"இந்த மழையிலயா? வெயில் நாள்லயே நீ ஓட்டுறதப் பாத்தா எனக்கு நெஞ்சு வலிக்குது."

நான் கேட்கிற ஆளா? வாசலில் நின்று ஜெபம் பண்ணினேன். ஜெபம் என்ன ஜெபம், ஓர்டர் போட்டேன். "ஆண்டவரே, ஒரு மணித்தியாலத்துக்கு மழைய நிப்பாட்டுங்க. மத்தத நான் பாத்துக்குறேன்." ஆமென் சொல்லி முடிக்கவில்லை, மழை இரண்டு மடங்காகக் கொட்டியது.

இப்போது என் உடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், விஷயமே அதில்தான் இருக்கிறது. பலாங்கொடையில் வாங்கிய கறுப்பு ஜேக்கட் ஒன்று இருந்தது. தண்ணீர் போகாது என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஸ்டிக்கருக்குள்ளே போகவில்லை, மற்ற எல்லா இடத்திலும் போனது. முன்னால் இழுத்துப் பூட்டுகிற சிப் வழியாகக் காற்றும் தண்ணீரும் அடிக்கும் என்று அதைப் பின்பக்கம் முன்னால் வரும்படி மாட்டிக்கொண்டேன். இங்கே நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். சான்றிதழ்களை உரப்பைக்குள் இருக்கும் பொலித்தீனில் மூன்று சுற்று சுற்றி வயிற்றோடு கட்டினேன். காலுக்கு ரப்பர் செருப்பு. சப்பாத்து நனைந்து அசிங்கமாகிவிடும் என்று அதைத் தனிப் பையில் பத்திரமாக வைத்தேன்.

இடுப்புக்குக் கீழேதான் ஒன்றுமில்லை. அம்மா தன் படங்கைக் கழற்றிக் கொடுத்தார். கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுவார்களே, அந்தத் தடித்த விரிப்பு. "இருபது வருஷமா எனக்கு ஒரு சொட்டு உள்ள போனதில்ல" என்று சொல்லி, மலையில் தான் கட்டுகிற மாதிரியே கட்டிவிட்டார். தாராளமாக, நுனி தொங்க, பின்னால் இறுக்கி முடிச்சு. தேயிலைச் செடிக்குள் நடக்க அப்படித்தான் கட்ட வேண்டும். தேயிலைச் செடிக்குச் செயின் கிடையாது, பைக்குக்கு உண்டு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அண்ணன் ஸ்டைலுக்காகச் செயின் கவரை வேறு கழற்றிப் போட்டிருந்தான்.

நாலாவது வளைவு. ஹெல்மட் கண்ணாடி முழுக்க ஆவி. காற்றில் படங்கு பறந்தது தெரிந்தது. அடுத்த நொடி பின் சக்கரம் அப்படியே நின்றது. பைக் சறுக்கி, நான் ரோட்டு நடுவில் மல்லாந்து கிடந்தேன்.

எழும்பப் பார்த்தேன், முடியவில்லை. செயின் படங்கைச் சுற்றி இழுத்து என்னைப் பைக்கோடு சேர்த்துக் கட்டிவிட்டது. முடிச்சு முதுகுக்குப் பின்னால், நனைந்து கல் மாதிரி. ஜேக்கட்டின் சிப்பும் பின்னால்தான். கை இரண்டும் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கீழேயிருந்து ஒரு லொறி முக்கிக்கொண்டு ஏறி வருகிற சத்தம் கேட்டது. வளைவைத் திரும்பினால் என் மேல்தான். கறுப்பு ஜேக்கட், கறுப்பு ரோடு. யாருக்குத் தெரியப் போகிறது?

அப்போது நான் ஓர்டர் போடவில்லை. "அப்பா, கை குடுங்க" என்று ஆண்டவரிடம் கேட்டேன். அவ்வளவுதான் வந்தது.

லொறிச் சத்தம் நின்றது.

என் விரலுக்கு எட்டியது ஹோர்ன் ஒன்றுதான். திரும்பத் திரும்ப அமுக்கினேன். பிறகு பார்த்தால், ஞாயிறு பள்ளியில் கை தட்டுகிற தாளத்திலேயே அடித்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் வளைவில் ஒரு குடை வந்தது. குடைக்குக் கீழே ரிஸ்வான் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்துக் கடைக்கு மா, சீனி ஏற்றி வருகிறவர். ஓப்பநாயக்கவில் அவருக்குக் கடை இருக்கிறது.

"யாரு புள்ள, ரோட்டுல படுத்துக்கிட்டு ஹோர்ன் அடிக்கிறது?"

"நானா, என்னய எடுத்து விடுங்க."

அவர் பேனாக் கத்தியை எடுத்தார். எனக்கு அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நானா, வெட்டிராதீங்க. அது அம்மாட படங்கு."

"உம்மாவுக்கு மகள் வேணுமா, படங்கு வேணுமா? கேட்டுட்டு வாரன், அது வரைக்கும் படுத்திருங்க."

"வெட்டுங்க நானா."

வெட்டினார். முழங்கையில் சிராய்ப்பு, கால் பெருவிரலில் நகம் பாதி போயிருந்தது. வேறொன்றுமில்லை. அந்தச் சப்பாத்தைப் போட்டிருந்தால் நகமும் இருந்திருக்கும். நானா என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது என்ன மகள், முன்னால போறீங்களா, பின்னால போறீங்களா?"

பிறகு அவர் சும்மா சொன்ன ஒரு விஷயம்தான் என்னைக் குலுக்கிப் போட்டது. "நான் இந்த ரோட்டுல எங்கயும் நிக்கிறதில்ல. இண்டைக்கு வைப்பர் போட்டும் ஒண்டும் தெரியல்ல, அவ்வளவு மழை. கொஞ்சம் விடட்டும் எண்டு நிப்பாட்டினன். அப்பதான் ஹோர்ன் கேட்டிச்சு."

கேட்டீர்களா? காலையில் நான் கேட்ட மாதிரி மழை நின்றிருந்தால் லொறி நின்றிருக்காது. நான் நிறுத்தச் சொன்ன மழையை வைத்தே ஆண்டவர் லொறியை நிறுத்தினார். நடு ரோட்டில் அழுதேன். மழைக்குள் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. நானாவுக்குத் தெரிந்தது, குடையை என் பக்கம் சாய்த்தார்.

லொறியைத் திருப்ப அந்த ரோட்டில் இடமில்லை. மேலே தோட்டம் வரை போய்த்தான் திருப்ப வேண்டும். நேரம் ஒன்பதரை. நானா செயினில் சிக்கிய துண்டுகளைப் பிடுங்கினார், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். லொறி சீட்டுக்குப் பின்னாலிருந்து, தான் பைக் ஓட்டும்போது போடுகிற மழை உடுப்பை எடுத்தார். கண்ணைப் பறிக்கிற மஞ்சள். மேலே கோட்டு, கீழே கால்சட்டை, கைக்கும் காலுக்கும் லாஸ்டிக், சிப்புக்கு மேலே ஒரு மடிப்பு. எங்கேயும் ஒன்றும் தொங்காது, பறக்காது.

"சப்பாத்தப் போடுங்க. சப்பாத்து காயும், கால் முளைக்காது. கண்ணாடிய ஒரு விரக்கட திறந்து வைங்க, ஆவி புடிக்காது. பிரேக்க மெல்லமா, வளைவுக்கு முன்னுக்கே புடிச்சிடுங்க. ரோட்டுல வெள்ளக் கோட்டுல ஏறாதீங்க, வழுக்கும். வெளங்கிச்சா? படிச்ச புள்ளதானே."

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் மெதுவாக ஓட்டினேன். பெல்மதுளை தாண்டி இரத்தினபுரி போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. மூன்று பேர் நுழையலாம் போன்ற மஞ்சள் உடுப்போடு ஒபீசுக்குள் போனேன். மேசையில் இருந்த சிங்கள அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நங்கி, பைக் எகென்த ஆவே?" பைக்கிலா வந்தாய் தங்கச்சி என்று. ஆமாம் என்று சிங்களத்திலேயே சொல்லிவிட்டு வயிற்றிலிருந்து பொலித்தீனை அவிழ்த்தேன். சான்றிதழ்கள் மொறுமொறு என்று காய்ந்திருந்தன. கடதாசிக்குச் செய்த பாதுகாப்பை நான் எனக்குச் செய்யவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

வேலை கிடைத்தது. இன்றைக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான்தான் டீச்சர். நானாவுக்கு உடுப்பைத் திருப்பிக் கொடுத்து, அவர் கடையிலேயே என் அளவுக்கு மஞ்சளில் ஒன்று வாங்கினேன். செயின் கவரும் பூட்டியாயிற்று. அம்மாவுக்குப் புதுப் படங்கு வாங்கிக் கொடுத்தேன். அவர் அதை அலமாரியில் வைத்துவிட்டு, மிஞ்சிய பாதியைக் கட்டிக்கொண்டுதான் மலைக்குப் போகிறார். கேட்கிறவர்களிடம் "மத்த பாதிய குடுத்துத்தான் மகள வாங்கினேன்" என்கிறாராம்.

பிரியமானவர்களே, உங்களிலும் கடிதம் வராமல், வழி தெரியாமல் இருக்கிறவர்கள் உண்டு. நான் ஜெபத்தில் வாய் நீண்டவளாக இருந்தேன், எப்படிச் செய்ய வேண்டும் என்று அவருக்கே சொல்லிக் கொடுத்தேன். அதை விட்டுவிட்டேன். கையை மட்டும் கேளுங்கள். அது எந்தக் குடைக்குக் கீழே, யார் உருவத்தில் வரும் என்பதை அவர் பார்த்துக்கொள்வார். கேட்டுவிட்டு, தயவு செய்து கால்சட்டை லாஸ்டிக்கையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று காலையும் இங்கே மழைதான். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறேன். மழையை நிறுத்தச் சொல்லவில்லை. பைக்கைத் துடைத்துவிட்டு, "ஆண்டவரே, பின்னால ஏறிக்குங்க, மெதுவாத்தான் போவேன்" என்று மட்டும் சொன்னேன்.