செண்பகத்தின் நான்கு புது டயர்கள்

செண்பகம் போய்விட்ட செய்தி பருத்திப்பட்டு அருகே பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு வந்தது. அழைத்தவர் அவள் கணவர் முருகையன் அண்ணா. முன்னால் ஒரு லாரி வழிவிடாமல் நிற்க, எங்கள் ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "அண்ணா, கேக்கல, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றேன். அவர் மறுபடி சொன்னார். அதுவும் கேட்கவில்லை. மூன்றாவது முறை அவர் கத்தினார். பக்கத்து இருக்கையில் இருந்த பெண்ணுக்கு எனக்கு முன்பே கேட்டுவிட்டது போலும். ஒன்றும் கேட்காமல் என் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மனைவி இறந்ததை ஒரு மனிதரை மூன்று முறை சொல்ல வைத்தேனே என்பதுதான் அன்று முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த அஞ்சலிக்காக உட்கார்ந்து, செண்பகத்தை 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாரைப் பற்றியோ எழுதுவதுபோல் இருந்தது. பதினான்கு வருடம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தவள். அவள் என்றே எழுதுகிறேன். நம் கம்பெனியில் இருப்பவர்கள் தப்பாக நினைக்க மாட்டீர்கள்.

திருமழிசை தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷரும் சீலும் செய்யும் நம் கம்பெனியில் அவளும் நானும் பரிசோதனைப் பிரிவு. பெட்டி பெட்டியாக வருவதைப் பார்த்து, நல்லதை அனுப்பி, கெட்டதை ஒதுக்குவது வேலை. ஒருமுறை சரக்கு ஏற்ற வண்டி வந்து வாசலில் நிற்கிறது, மேனேஜர் அவசரப்படுத்துகிறார். செண்பகம் ஒரு வாஷரை எடுத்து இரண்டு விரலால் மடித்தாள். மடிப்பில் மயிரிழை போல வெடிப்பு. "எல்லாம் பளபளன்னு நல்லாத்தானம்மா இருக்கு" என்றார் மேனேஜர். "பாக்கறதுக்கு நல்லா இருக்கிறது வேற சார், நல்லா இருக்கிறது வேற" என்றாள். வண்டி வெறுமனே திரும்பிப் போனது. அன்றைக்கு அவளோடு பேசாத மேனேஜர் மறுநாள் தன் காருக்கு டயர் வாங்க அவளைத்தான் கூட்டிப் போனார்.

டயர் என்றால் ஊரே அவளைத்தான் கேட்கும். அவளிடம் பழைய வெள்ளைக் கார் ஒன்று இருந்தது. திருமுல்லைவாயிலில் அவளும் நானும் ஏறுவோம். ஆவடியில் பேக்கிங் பிரிவு மேரி அக்காவும் ஸ்டோர்ஸ் தணிகாசலம் சாரும் ஏறிக்கொள்வார்கள். அந்தக் காருக்கு அவள் ஒருநாளும் புது டயர் போட்டதில்லை. ஆவடி பூந்தமல்லி சாலையில் பாபு என்பவரின் கடையில், ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கும் பழைய டயர்களுக்கு நடுவே இறங்கிவிடுவாள். ஓரத்தில் பொறித்திருக்கும் நாலு எண்ணை முதலில் பார்ப்பாள். முதல் இரண்டு எண் அது தயாரான வாரம், அடுத்த இரண்டு வருடம். பிறகு கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்துவாள். நகத்தடம் மெல்ல மறைந்தால் டயரில் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். "புதுசு வாங்கறவங்க கம்பெனி பேரை நம்பறாங்க. பழசு வாங்கறவ தன் கண்ணைத்தான் நம்பணும்" என்பாள். அவள் பொறுக்கிப் போட்ட டயர் நடுவழியில் எங்களை நிறுத்தியதாக எனக்கு நினைவில்லை.

நோய் விஷயத்தை அவள் எங்களுக்குச் சொன்னதும் அந்தக் காரில்தான். ஆவடி சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது. கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்து, "கணையத்துல கட்டியாம். முத்திப்போச்சாம். வைத்தியம் பார்த்தா ஒரு வருஷம் வரைக்கும் இருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு" என்றாள். பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தாள். மேரி அக்காதான் முதலில் பேசினார். "இன்னாடி சொல்ற, ஓரமா நிறுத்துடி வண்டிய!" செண்பகம் நிறுத்தவில்லை. "லேட் ஆயிடும்க்கா" என்றாள்.

மருந்து ஏற்ற வாரம் ஒருநாள் மருத்துவமனைக்குப் போக வேண்டும். முருகையன் அண்ணாவுக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு, கார் ஓட்ட மாட்டார். போகும்போது அவளே ஓட்டுவாள், நான் பக்கத்தில் இருப்பேன். வரும்போது தணிகாசலம் சார் வந்து ஓட்டுவார். மழை தொடங்கியிருந்தது. நாலு டயரும் வழவழவென்று தேய்ந்திருந்தன. ஒரு சனிக்கிழமை மதியம், "வா, டயர் மாத்திட்டு வந்துடலாம்" என்று என்னைக் கூப்பிட்டாள்.

பாபு அவளைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. "இன்னா மேடம், இம்மாம் எளச்சிக்கினீங்க?"

"டயட்டுல இருக்கேன் பாபு."

"எங்கூட்டுக்கு ஒருநாள் வந்து எம் பொண்டாட்டியாண்டயும் சொல்லுங்க மேடம். கேக்கவே மாட்டேங்குது" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள்.

வழக்கம்போல் பழைய டயர் அடுக்குக்குப் போனாள். ஒன்றைப் புரட்ட முடியாமல் மூச்சு வாங்கினாள். நான் புரட்டிக் கொடுத்தேன். எண்ணைப் பார்த்தாள், நகத்தை அழுத்தினாள். "இது ஒண்ணரை வருஷம் தாங்கும். எனக்கு இதுவே ஜாஸ்தி" என்றாள்.

பாபுவுக்கு ஒன்றும் தெரியாது. அவர் தன் தொழிலில் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார். "மேடம், வண்டிய இன்னும் எத்தினி வருசம் வெச்சினு இருப்பீங்க? நாலஞ்சு வருசம்னா புதுசு போட்டுருங்க, அதான் லாபம். ஒரு வருசத்துல தள்ளி வுடறதா இருந்தா பழசே போதும்."

செண்பகம் என் பக்கம் திரும்பினாள். "சொல்லு கலா. எத்தனை வருஷம்?"

அவள் விளையாடவில்லை. கிண்டலும் இல்லை. மேசையில் ஒரு வாஷரை நீட்டி, இது தேறுமா என்று கேட்பாளே, அதே முகம். நான் அவளைப் பார்க்காமல் பாபுவைப் பார்த்துச் சொன்னேன்: "அஞ்சு வருஷம். புதுசே போடுங்கண்ணா."

"கலா, நெசமா கேக்கறேன்."

"நானும் நெசமாத்தான் சொல்றேன். நாலும் புதுசு. இல்லன்னா இனிமே இந்த வண்டியில நான் ஏற மாட்டேன்." கடையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு என் குரல் ஏறிவிட்டது.

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குழாயடிக்குப் போய் விரல்களில் இருந்த கறுப்பை நிதானமாகக் கழுவினாள். "சரி பாபு, புதுசே போட்டுரு" என்றாள்.

டயர் ஏற்றும்வரை பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். டீ வந்தது. அவளால் குடிக்க முடியவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "கலா, நான் என்ன நெனைச்சேன்னா..." என்று ஆரம்பித்தாள். அந்தக் குரலிலேயே அது டயர் பற்றியது இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சட்டென்று எழுந்து, "இரு, வீல் அலைன்மென்ட்டும் பார்க்கச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று போய்விட்டேன். ஒரு நிமிடத்தில் முடிகிற பேச்சைப் பத்து நிமிடம் பாபுவிடம் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விட்ட இடத்திலிருந்து அவள் தொடரவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த டயர்களில் மருத்துவமனைக்கு மூன்று முறை போய்வந்தோம். நான்காவது முறை ஆம்புலன்ஸ் வந்தது.

கடைசி நாட்களில் அவளை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். வலிக்குக் கொடுத்த மருந்தில் பாதி நேரம் தூக்கம். ஒரு ஞாயிறு காலை முழிப்பாக இருந்தாள். அன்றாவது கேட்டுவிடலாம் என்று குனிந்து, "செண்பகம், அன்னிக்குக் கடையில என்னமோ சொல்ல வந்தியே, என்னது?" என்றேன்.

நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "எந்தக் கடை?" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

காரியம் முடிந்து சில நாட்கள் கழித்து, காரைப் பார்க்க வேப்பம்பட்டிலிருந்து ஒருவர் வந்தார். முருகையன் அண்ணா துணைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். வந்தவர் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, டயரைத் தட்டிப் பார்த்தார். "விக்கறதுக்கு மின்னாடி யாருண்ணா புது டயர் போடுவாங்க? மயிர் கூட உதிரல பாருங்க" என்றார். புது டயரில் மெல்லிய ரப்பர் இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும், அதைச் சொன்னார்.

அவர் போன பிறகு முருகையன் அண்ணா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலம்மா அவ. புதுசு போட்டிருக்கான்னா பொழைச்சுக்குவோம்னு மனசுல நெனைச்சிருக்கா, இல்ல?" என்றார். அழுகிறாரா, ஆறுதல் தேடுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஏற்கெனவே ஒருமுறை, டயர் கடையில், அப்படிப் பொய் சொன்னவள் நான். இன்னொரு முறை முடியவில்லை.

"இல்லண்ணா. அவளுக்குப் பழசே போதும்னுதான் இருந்தா. நான்தான் சண்டை போட்டுப் போட வெச்சேன்" என்றேன். கடையில் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் பேச வந்ததையும் நான் எழுந்து போனதையும் சேர்த்து.

அவர் கோபப்படவில்லை. தரையைப் பார்த்தபடி, "எங்கிட்டயும் வந்தாம்மா. சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். என்னங்க, கொஞ்சம் பேசணும்னா. நான் டிவி சத்தத்தைக் கூட்டிட்டேன்" என்றார்.

வெயில் ஏறும்வரை அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தோம். அவர் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன்.

கார் இப்போது வேப்பம்பட்டில் ஓடுகிறது. நானும் மேரி அக்காவும் பேருந்தில் வருகிறோம். எங்கள் மேசையில் அவள் இருந்த பக்கம் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், கெட்டிக்காரி.

செண்பகத்தின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவள் கண்ணைப் பற்றி, அவள் கண்டிப்பைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள். எனக்கு மிச்சம் இருப்பது வேறு. தனக்கு எத்தனை நாள் என்று தெளிவாகத் தெரிந்தவள் அவள். அதைக் கேட்கத் திராணி இல்லாதவள் நான். பொய் என்று தெரிந்தே, வேண்டாத நான்கு டயர்களுக்கு 'சரி' என்றாள், என் பதற்றத்தைப் பார்த்து. அவ்வளவு வலியிலும் என்னைத்தான் அவள் பார்த்துக்கொண்டாள். பதிலுக்கு நான் செய்ய வேண்டியிருந்தது, பத்து நிமிடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது மட்டும்தான்.