இல்லாதவர்மேல் பொறாமை

யாரையாவது பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, லிஃப்டுக்குள் காலை வைத்ததும் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். தலையைச் சாய்த்துக் காதைக் கொடுப்பார். "நாலாவது மாடி தாண்டும்போது ஒரு முனகல் கேட்டுதா? ரோலர் தேஞ்சிருக்கு" என்பார். பக்கத்தில் நிற்பவர் அடுத்த மாடியிலேயே இறங்கிவிடுவார்.

இருபத்தெட்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். விரல் நகங்களில் கிரீஸ் நிரந்தரக் குடித்தனம். கடவுள் இல்லை என்று யாரிடமும் அவர் வரிந்துகட்டிக்கொண்டு வாதாடியதில்லை. பதினைந்து வயதில் ஒருநாள் மனசுக்குள் கூப்பிட்டுப் பார்த்தார். ஆள் அரவமே இல்லை. அதோடு விட்டுவிட்டார்.

அதனால் வாழ்க்கை வெறிச்சோடிப் போய்விடவும் இல்லை. பராமரிப்பு நாட்களில் கூண்டின் கூரைமேல் உட்கார்ந்து மெதுவாக மேலே ஏறுவார். கதவிடுக்குகள் வழியாக ஒவ்வொரு மாடியும் காதில் விழும். ஒரு குழந்தை ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பும் தவறுமாக ஒப்பிக்கும். யாரோ போனில் சண்டை போடுவார்கள். "இத்தன பேரும் என் கயித்துலதான் தொங்குறாங்க. ஒருத்தருக்கும் என் மூஞ்சி தெரியாது. ஆனாலும் சொந்தக்காரங்க மாதிரி இருக்குப்பா. மனுஷனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?" என்பார், கூட வேலை செய்யும் மெக்கானிக்கிடம்.

தான் செய்த வேலைக்கான பெயரை மட்டும் வேறொருவர் தட்டிக்கொண்டு போனால் அவருக்கு ஆகாது. ஒருமுறை, ஒரு மணி நேரம் லிஃப்டில் மாட்டிக்கொண்ட பெரியவர் வெளியே வந்ததும் மேலே பார்த்து, "கடவுளே, நீயே வந்து தொறந்து விட்டுட்ட!" என்று தழுதழுத்தார். இவருக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, நான்தான் வந்தேன். சாப்பாட்டப் பாதியில வச்சுட்டு வந்தேன்" என்றார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அவர் மனைவி பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவள். வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்க வேண்டும். கணவனிடம் "குழாய் ஒழுகுது", "உப்பு தீந்துடுச்சு" என்பதோடு சரி. ஆனால் தினமும் காலையில் சமையலறை ஜன்னலருகே கண்ணை மூடிக்கொண்டு நின்றால் பத்து நிமிஷம் மூச்சுவிடாமல் முணுமுணுப்பாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக அவளைத் தாண்டித்தான் அவர் தண்ணீர் எடுக்கப் போகிறார். கடவுளிடம் அப்படி என்னதான் பேசுவாள்?

இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் அது காதில் விழுந்தது.

"மார்ல கட்டி மாதிரி தட்டுப்படுது. பத்து நாளாச்சு. உன்கிட்ட மட்டுந்தான் சொல்றேன்."

அவர் கையிலிருந்த டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வெளியே வந்தார். பயத்தின் பின்னாலேயே, சொல்லவே கூசுகிற மாதிரி, பொறாமையும் வந்து நின்றது. பத்து நாளாக அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் படுக்கிற தனக்குத் தெரியவில்லை.

வேலையிடத்தில் கூட்டாளி மெக்கானிக்கிடம் கொட்டித் தீர்த்தார். "இருக்குற ஆளா இருந்தா சட்டையப் புடிச்சுக் கேக்கலாம். இல்லாத ஆளோட எப்படிய்யா போட்டி போடுறது?"

"மொதல்ல தங்கச்சிய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய்யா" என்றார் அவர்.

காதில் விழுந்ததை அவளிடம் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். ஸ்கேன், ஊசிப் பரிசோதனை, பிறகு ஆறு நாள் காத்திருப்பு. கடைசியில் அது பயப்பட ஒன்றுமில்லாத வெறும் நீர்க்கட்டி என்று முடிவு வந்தது. ஆஸ்பத்திரி நடையிலேயே அவள் கண்ணை மூடினாள். உதடுகள் அசைந்தன. பக்கத்தில் ஃபைலை அணைத்தபடி நின்றவருக்கு நெஞ்செல்லாம் எரிந்தது.

"வரிசையில நின்னது நானு. நன்றி மட்டும் அங்கயா? என்கிட்ட ஏன் மொதல்ல சொல்லல?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "உங்ககிட்ட எதச் சொன்னாலும் உடனே ரிப்பேர் பண்ணக் கெளம்பிடுவீங்க. டாக்டர் யாரு, லீவு எப்பன்னு. எனக்கு அழணும் போல இருந்துச்சு. அவரு குறுக்க பேசமாட்டாரு."

"இல்லாதவரு எப்படிம்மா குறுக்க பேசுவாரு?"

"சரி, இல்லன்னே வச்சுக்குங்க. இருக்குற நீங்க ஒரு நாளாவது சும்மா உக்காந்து கேட்டிருக்கீங்களா?"

அவர் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து தலையணை உறைகளை மடித்தார். நிமிராமலே அவள் ஆரம்பித்தாள்.

"அந்த ஆறு நாளும் தூக்கமே இல்லங்க. நான் போயிட்டா நீங்க தனியா இந்த வீட்டுல என்ன பண்ணுவீங்கன்னு..."

டாக்டர் சொன்னது, ரிப்போர்ட்டில் இருந்தது, அடுத்த பரிசோதனைத் தேதி என்று சொல்வதற்கு அவரிடம் மூன்று பதில்கள் தயாராக இருந்தன. மூன்றும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. அவள் பேசிக்கொண்டே போனாள். அவர் மடித்த உறையை மடியில் வைத்துவிட்டு, கையைத் தூக்கித் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.