பாட்டின் மீதி

சுங்குவார்சத்திரம் பட்டன் போன் கம்பெனியில் எனக்கு வாய்த்த வேலை, ஸ்பீக்கரைச் சோதிப்பது. எல்லாப் போனும் ஒரே பாட்டின் தொடக்கத்தைத்தான் பாடும். கிணுகிணுவென்று ஒரு வாத்தியம், அதன்மேல் ஓர் ஆணின் குரல். குரல் மேலே ஏறும் இடத்தில் பாட்டு வெட்டிக்கொள்ளும். போன் சரி என்று மேஜையில் உள்ள பச்சைப் பொத்தானை அழுத்தவேண்டும். அடுத்த போன். மறுபடி அதே ஏற்றம், அதே வெட்டு. கம்பெனி பஸ்ஸிலும் ஹாஸ்டலில் சோறு பிசையும்போதும் காதுக்குள் அதுவேதான். தும்மல் வருவதுபோல் வந்து வராமல் போகுமே, இரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன். ஏறின குரல் எங்கே இறங்குகிறது என்று மட்டும் தெரிந்துவிட்டால் இது என்னை விட்டுவிடும் என்று நம்பினேன். சூப்பர்வைசரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"பாட்டு கேக்கவா வந்துகீறே? வேலைய பாரும்மா" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் டிவியில் அதே வாத்தியம் கேட்டது. சிங்கம் மானை அடிப்பதற்கெல்லாம் தமிழ் பேசுகிற அந்தக் கனத்த குரல், ஓர் ஆப்பிரிக்கக் கிழவரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. மரப்பலகையில் பதித்த இரும்புப் பட்டைகளைக் கிழவர் கட்டைவிரல்களால் மீட்டினார். அவர் ஊரில் முன்னோரை அழைக்க வாசிப்பதாம். அதை வாசித்ததற்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவரைப் பிற்பாடு உலகமே கூப்பிட்டு மேடையேற்றியிருக்கிறது.

"ஏட்டி, லீவு அன்னைக்குமா இந்தச் சனியன்? மாத்துட்டி!" என்று திருநெல்வேலிக்காரியான என் அறைத்தோழி கத்தினாள். நான் ரிமோட்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

கிழவர் சொன்னார்: "ஊரில் இந்தப் பாட்டு விடிய விடியப் போகும். வெளிநாட்டில் ஐந்து நிமிஷம் தருகிறார்கள். வேறு பாட்டு எடுத்தால் விடமாட்டார்கள். முப்பது வருஷமாக இதற்குள்ளேயே கிடக்கிறேன்." எனக்குப் பாவமாக இல்லை, பொறாமையாகத்தான் இருந்தது. ஐந்து நிமிஷமாவது கிடைக்கிறதே மனுஷனுக்கு!

பிறகு பாட ஆரம்பித்தார். குரல் ஏறியது. வெட்டவில்லை, தாண்டிப் போனது.

எங்கள் லைனில் பாட்டு அந்த இடத்தைத் தாண்டினால் போன் பழுது. சிவப்புப் பொத்தானை அழுத்தி ஒதுக்கவேண்டும். கூடத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் "ரிஜெக்ட்!" என்று கத்திச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள், கேள் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருக்கும்போது திரை இருண்டது. ரிமோட்டின் சிவப்புப் பொத்தான்மேல் என் விரல் இருந்தது.

மறுபடி போட்டபோது நிகழ்ச்சி முடிந்து சோப்பு விளம்பரம் ஓடியது.

"இப்பமாது அணைச்சியே, தாயி" என்றாள் அறைத்தோழி. அன்றைக்கு வெறுத்ததுபோல் என் கையை நான் என்றைக்கும் வெறுத்ததில்லை. மறுநாள் காலை ஷிப்டுக்கு அந்தக் கையோடுதான் போனேன்.