வாரம் ஒரு கட்டு மரிக்கொழுந்து

ஐம்பதுகளின் கடைசியில் விழுப்புரத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவிக்கு மசக்கை. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காததால் மாமியார் வந்து திண்டிவனத்துக்கு அழைத்துப் போய்விட்டார். இன்னும் இளைத்தால் குழந்தைக்கு ஆகாது என்று அங்கே நர்சம்மா எச்சரித்திருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் மூளை வேறு பக்கம் வேலை செய்தது.

அந்த மூளையும் மண்டியில் எடை போடுகிறவரிடம் இரவல் வாங்கியதுதான். நாற்பது வயதாகியும் கல்யாணமாகாதவர். அதனாலேயே பெண்கள் மனசு பற்றி எங்களுக்கெல்லாம் அவர்தான் அத்தாரிட்டி.

"வெறுங்கையோட போவாதய்யா. பச்சிலைக்கெல்லாம் ஒரு பாஷை கீது. திருநீத்துப்பச்சை குடுத்தா 'கோவத்த விடு'ன்னு அர்த்தம். மரிக்கொழுந்து குடுத்தியோ, 'உன் நெனப்பாவே கீறேன்'னு அர்த்தம்."

"துளசி குடுத்தா?"

"சாமியாராப் போறேன்னு அர்த்தம். அத மட்டும் வாங்கிடாத."

சனிக்கிழமைதோறும் ஸ்டேஷன் வாசலில் ஒரு கட்டு மரிக்கொழுந்து வாங்குவேன். வாழையிலையில் சுற்றி, பாசஞ்சர் வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு போவேன். பெட்டியே மணக்கும். எதிரில் இருப்பவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் பெருமையாகச் சிரித்து வைப்பேன்.

மனைவி மறுபேச்சில்லாமல் வாங்கித் தலையில் வைத்துக்கொள்வாள். அடுத்த நிமிஷமே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடிவிடுவாள். வெட்கம் என்று நினைத்தேன். எடைக்காரரிடமும் சொன்னேன்.

"பாத்தியா? அடுத்த வாரம் ரெண்டு கட்டா வாங்கு."

வாங்கினேன். வெட்கமும் இரண்டு மடங்கானது. ஓடியவள் திரும்பி வரவில்லை. மனைவியின் தங்கைதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னா மாமா, வாரா வாரம் வாந்தியப் பொட்டலம் கட்டி எடுத்துக்கினு வர்றீங்க?"

"இன்னாது?"

"அந்த வாசனையே அக்காவுக்கு ஆவல. சனிக்கெழமன்னா காலைலேர்ந்தே பயந்துக்கினு உக்காந்துனு கீது. நீங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்குக் கஞ்சி எறங்காது."

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"புருசன் கையால குடுத்தத மாசமா இருக்கறவ தள்ளக் கூடாதாம். அம்மா சொல்லிடுச்சி."

தோட்டத்துக்குப் போனேன். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இத்தனை வாரமாக அதைப் பார்க்காமல் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? தலையில் இரண்டு கட்டு மரிக்கொழுந்து அப்படியே இருந்தது. மெல்லக் கழற்றி வேலிக்கு அப்பால் எறிந்தேன்.

"ஐயோ, இன்னாங்க பண்றீங்க? ஆவாதுங்க."

"குடுத்தவனே எடுத்தா ஒண்ணும் ஆவாது" என்றேன். அந்தச் சாஸ்திரத்தை அந்த நிமிஷம் நானேதான் எழுதினேன்.

ஆனால் என் கை முழுக்க அதே வாசனை. தொட்டிக்குப் பக்கத்தில் நாரத்தை மரம் இருந்தது. நாலு இலையைப் பறித்துக் கசக்கி விரல்களில் தேய்த்தேன். சட்டென்று அவள் என் கையைப் பிடித்து இழுத்து, முகத்தோடு வைத்துக்கொண்டு, ஆழமாக மூச்சிழுத்தாள். விடவில்லை. மறுபடியும் இழுத்தாள்.

"கஞ்சி கீதான்னு கேளுங்க" என்றாள்.

தங்கை கொண்டுவந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் என் கையை முகர்ந்துகொண்டு பாதி டம்ளர் குடித்தாள். குடித்தது மேலே வருமோ என்று அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. என்னால்தான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை எடைக்காரர் ஆவலாகக் கேட்டார். "ரெண்டு கட்டு குடுத்தியே, இன்னா பண்ணா?"

"அரை டம்ளர் கஞ்சி குடிச்சா."

தராசை நிறுத்திவிட்டு யோசித்தார். "அதுக்கு இன்னாய்யா அர்த்தம்?"